கொடுப்புக்குள்

கீழ்த் தாடை, வலப்பக்கம்.
பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடக்கிறது.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
டொக்டர் அபேவர்தன சொன்னார்:
இதற்கு நிற்க இடமில்லை,
அதனால் பக்கத்துப் பல்லைத் தள்ளுகிறது.
மற்ற மூன்றும் அப்படித்தான்,
கொஞ்சம் மரியாதையாக.

ஒன்றுக்கு இருபத்திரண்டாயிரம்.
நாலுக்கும் எண்பத்தெட்டு.
கதிரையில் இருத்தி, விறைப்பூசி போட்டு,
இரண்டு தவணையில் முடித்துவிடலாம்.
அரச ஆஸ்பத்திரியில் காசில்லை,
திகதிதான் ஏழு மாதம் தள்ளி.

காப்புறுதி இருக்கா?
இருக்கு என்றேன்,
கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைத் தொட்டுக்கொண்டு.
மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுகிறார்கள்,
ஒருநாளாவது அவர்களிடமும் வெட்ட வேண்டாமா?

கொள்ளுப்பிட்டி, நாலாம் மாடி.
ஃபஸ்மிலா கையேட்டைப் புரட்டினாள்.
பல் சேராது.
விபத்தில் உடைந்தால் சேரும்.
கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்:
ஒரு இரவு வார்டில் படுத்தீங்கள் என்றால் சேரும்.
அப்ப அது பல் இல்லை, சத்திரசிகிச்சை.

காலி வீதியில் பஸ்ஸோடு மோதுவதைவிடப்
படுப்பது சுகம் என்று பட்டது.

படுத்தேன்.
நாரஹேன்பிட்டியில், கடல் தெரியாத ஐந்தாம் மாடியில்,
ஏசிக் குளிரில்,
ஒரு வருத்தமும் இல்லாத வருத்தக்காரியாக,
முதுகுப்பக்கம் முடிச்சுப் போடும் நீலச் சட்டையோடு.
நூறிலிருந்து பின்னுக்கு எண்ணுங்கோ என்றார்
மயக்க மருந்து கொடுக்க வந்தவர்.
நான் ஆயிரங்களில் எண்ணினேன்.
தொண்ணூற்றாறு வரைக்கும் நினைவிருக்கிறது.

தியேட்டருக்கு, அறைக்கு, மயக்கத்துக்கு,
போடாத டீவிக்கு,
கையுறை எட்டுச் சோடிக்கு,
தின்ன முடியாத இரவுச் சாப்பாட்டுக்கு,
மொத்தம் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்.
கொம்பனியின் உச்ச எல்லை தொண்ணூறு.
மீதி தொண்ணூற்றாறும் என் கடனட்டையில்.

இரண்டாம் தரமும் கூட்டிப் பார்த்தேன்.
காப்புறுதி இல்லாதவள் எண்பத்தெட்டோடு
வீட்டுக்குப் போயிருப்பாள்.
எட்டாயிரம், இருந்ததற்கு.

காசாளர்ப் பெண் கொடுப்புக்குள் சிரித்தாள்.
நானும் சிரித்திருப்பேன்.
என் கொடுப்புக்குள் பஞ்சு.

வீக்கம் வற்றி, பாணில் இருந்து
குழைந்த சோற்றுக்கு ஏறிய கிழமை
கடிதம் வந்தது.
அந்தத் தொண்ணூறையும் மீளாய்வு செய்கிறார்களாம்,
பொலிசிக்கு முந்திய நோயோ என்று.
மூன்று மொழியிலும் படிவம்.

எப்போது வந்தது?
என்ன காரணத்தால் வந்தது?
இதற்கு முன் எங்கே இருந்தது?

பேனையைத் திறந்தபடி இருந்தேன்.
வெள்ளவத்தை, ஒரு லொட்ஜின் படி,
இரவு பதினொன்றரை.
பொலிஸ்காரர் டோர்ச்சை அம்மாவின் முகத்தில் பிடித்துக்கொண்டு
இதே மூன்றையும் கேட்டார்,
இதே ஒழுங்கில்.
பாஸ்போட் எடுக்க என்றார் அம்மா.
எனக்கு ஒன்பது வயது.
அந்த வயதில்தான் எலும்புக்குள்
இந்தப் பல் அரும்பத் தொடங்கும் என்று
டொக்டர் சொல்லியிருந்தார்.

பாஸ்போட் எடுத்தோம்.
எங்கேயும் போகவில்லை.

படிவத்தில் எழுதினேன்:
வந்ததாக நினைவில்லை.
இங்கேதான் வளர்ந்தது.
இடம் காணாமல் போனது பிறகு.
பச்சை மையில் ஒரு கையெழுத்து,
திகதி, அடையாள அட்டை இலக்கம்.

நாக்கு இன்னும் பள்ளத்துக்குப் போய்வருகிறது,
பூட்டிய கடையைத் தட்டிப் பார்ப்பதுபோல.

அலுமாரி மேல்தட்டில்
ஆஸ்பத்திரி கழுவித் தந்த சின்னப் போத்தல்.
நேற்றுத்தான் எண்ணிப் பார்த்தேன்.
பில்லில் நாலு.
போத்தலில் மூன்று.
கேட்கப் போனால்
அதற்கும் ஒரு படிவம் வைத்திருப்பார்கள்.