பதினொன்றே கால்

கைப்பேசியை உறையில் போட்டு ஒட்டி
மேலே பெயரெழுதித் தந்துவிட்டேன், முதல் நாளே.
எட்டு நாள் மௌனம்.
ஏற்காட்டுக் குளிரில் இருபத்தாறு குருக்கள்.
சாப்பாட்டு மேசையில்
ரசம் உறிஞ்சும் ஓசை மட்டும்.
உப்பு வேண்டுமென்றால் கண்ணால் கேட்கிறோம்.

தியானம் கொடுப்பவர் காலையில் சொன்னார்:
"இளையோர் ஏன் நம்மிடம் வருவதில்லை?
இன்று அதை வைத்துக்கொண்டு உட்காருங்கள்."
உட்கார்ந்தேன்.
சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்தது.
எனக்கு ஒன்றும் ஏறவில்லை.
தெரிந்ததெல்லாம் கணக்கு:
பதிவேட்டில் எழுபத்தொரு பெயர்,
ஞாயிறு கூட்டத்துக்குப் பதினான்கு,
அதில் ஒன்பது பேர் பரோட்டா முடிந்ததும் எழுந்துவிடுவார்கள்.
கிட்டார் வாங்கினோம். கேரம் போர்டு வாங்கினோம்.
புரொஜெக்டர் வாங்கிய கடன்
அன்பியக் கூட்டங்களில் இன்னும் பேச்சாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் மதியம்
காப்பித் தோட்டத்து ஓரமாக
செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தேன்.
மூன்றாம் மறையுண்மையின் நடுவே
மூடுபனிக்குள் ஒரு பைக், செயின் கழன்று.
பக்கத்தில் குந்தியிருந்தவனின் முதுகில்
சாப்பாட்டுக் கம்பெனியின் பெயர்.
லீவு நாளிலும் அதே டீ-சர்ட்.
"ஃபாதர்! நீங்க எங்க இங்க?"
எங்கள் சூரமங்கலத்துப் பையன், ரெமிஜியுஸ்.
பதிவேட்டில் முப்பத்தெட்டாவது பெயர்.
முகத்தைப் பார்த்து ஒன்றரை வருடம்.

விரலை உதட்டில் வைத்தேன்.
"பேசக்கூடாதா? பனிஷ்மென்டா ஃபாதர்?"
சிரித்துவிட்டேன்.
அதற்கு விதியில் இடமுண்டா, தெரியாது.
குனிந்து பின்சக்கரத்தைச் சுற்றிக் கொடுத்தேன்.
அவன் செயினைப் பல்லில் ஏற்றியபடி
பேசிக்கொண்டே போனான்.
பதில் சொல்ல முடியாத சாமியாரிடம்
பேசுவது சுலபம்போல.
ஐந்து ரோடு சிக்னல்,
ஒரு ஆர்டருக்குக் கிடைக்கும் காசு,
லிஃப்டில் ஏறவிடாத அபார்ட்மென்ட்,
பனங்காட்டுக் கொலுசுப் பட்டறையில்
பற்றவைக்கும் தங்கை, அவள் சேர்ந்திருக்கும் சீட்டு.
பிறகு, செயினைப் பார்த்தபடியே:

"போன வருசம் அம்மாவுக்கு மூச்சு வாங்குச்சு.
ஜி.எச்.ல போட்டுட்டு, பூசுதல் குடுக்கணும்னு
உங்களக் கூப்பிட வந்தேன்.
கேட்டு பூட்டியிருந்துச்சு. ரொம்ப நேரம் தட்டினேன்.
மேல உங்க ரூம்ல லைட் எரிஞ்சுது.
அப்பறம் போய்ட்டேன்.
இப்ப நல்லாத்தான் இருக்காங்க ஃபாதர்.
சும்மா சொன்னேன்."

அந்த இரவு எனக்குத் தெரியும்.
இளையோர் ஞாயிறுக்குத் திரையில் போட
ஒரு படம் தேடிக்கொண்டிருந்தேன்:
கதவைத் தட்டும் ஒரு கை.
வெளிச்சம் சரியில்லை, விரல்கள் சரியில்லை என்று
ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.
காதில் ஹெட்போன்.

விதியை உடைத்து ஒன்றே ஒன்று கேட்டேன்:
"அப்ப எத்தனை மணி இருக்கும்?"
"பதினொன்னே கால்."

மன்னிப்பு என்று நான் தொடங்குவதற்குள்
ஒரு பொட்டலத்தை நீட்டினான்.
ஏரிக்கரையில் வாங்கிய மிளகாய் பஜ்ஜி,
ஆறிப்போய் ஒன்றே ஒன்று.
கிரீஸ் அப்பிய விரலால் இரண்டாகப் பிட்டு
பெரிய பாதியை எனக்குத் தந்தான்.
கண்ணில் நீர் வந்தது.
காரம் என்றே நினைத்திருப்பான்.

கொண்டை ஊசி வளைவுகளில் பைக் இறங்கும் சத்தத்தை
நின்று கேட்டேன்.
ஐந்தாறு வளைவு வரை கேட்டது.
செபமாலை எந்த மணியில் நின்றதென்று
நினைவில்லை.

கடைசி நாள் தீர்மானங்களை எழுதச் சொன்னார்கள்.
மற்றவர்கள் தாளின் பின்பக்கமும் எழுதினார்கள்.
நான் 11.15 என்று மட்டும் எழுதினேன்.
தியானம் கொடுத்தவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"எந்த நற்செய்தி, ஃபாதர்?"

மௌனம் முடிய அரைமணி இருந்தது.
ஜன்னலைக் காட்டினேன்.
பனி விலகிய இடத்தில், கீழே,
மாக்னசைட் குன்றின் வெள்ளை,
அதற்கப்பால் கலங்கலாக ஊர்.

கேட்டில் ஒரு மணி மாட்ட வேண்டும்.