பதினான்காம் தசமம்

மார்ச் முடியவில்லை,
அதற்குள் போர்வெல் கையை விரித்துவிட்டது.
காடுகோடியில் மூன்றாம் மாடி.
புட்டராஜுவின் டேங்கர் வந்தால்தான் எங்களுக்குக் காலை.
ஐந்து மணி என்பான். ஏழரைக்கு ஃபோன் போட்டால்
"ஹோப் ஃபார்ம்ல மாட்டிக்கிட்டேன் மேடம்."

என் வேலையிலும் இதே பாடுதான்.
சிப்புக்குள் பெருக்கும் பகுதி அசுர வேகம்;
பெருக்க வேண்டிய எண்கள்தான்
நினைவகத்திலிருந்து சிக்னல் சிக்னலாய் நின்று வருகின்றன.
அதுவரை பெருக்கல் கைகட்டி உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே, அணியை முழுசாய் இழுக்காதே.
கட்டம் கட்டமாய் வெட்டு. கையெட்டும் இடத்தில் வை.
வந்த எண்ணை
இன்னொரு நிரைக்கு, இன்னொரு நிரலுக்கு என்று
பிழிந்துவிட்டு அனுப்பு.
அரிசி களைந்த தண்ணீர் கீரைத் தொட்டிக்கு,
துணி அலசியது கழிவறைக்கு.
எட்டு மாதம் நான் எழுதியதில்
இதற்குமேல் தத்துவம் ஒன்றுமில்லை.
கணித நூலகம் என்பார்கள்,
புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது.

பதினோரு மடங்கு வேகம். ஆபீஸில் கேக் வெட்டினார்கள்.

மறுநாள் இலா மொஹந்தி அழைத்தார்,
வானிலை மாதிரி ஓட்டுகிறவர்.
"உங்கள் நூலகத்துக்கு மாறினேன். பழைய விடை வரவில்லை.
பதினான்காம் தசமத்தில் ஓர் இலக்கம் வேறு."

வேறாகத்தான் இருக்கும்.
எப்படிக் கூட்டினாலும் ஒன்றே என்பது பள்ளிக்கூடத்தோடு சரி.
இங்கே பெரிய எண்ணோடு சின்னது சேர்ந்தால்
சின்னதன் ஓரம் உதிரும்.
சின்னவை முதலில் தமக்குள் கூடிக்கொண்டால்
கொஞ்சம் மிஞ்சும்.
வேகத்துக்காக வரிசையை மாற்றியது நான்.
உதிர்வது வேறிடத்தில் உதிர்ந்தது.

"எது சரி?"
"இரண்டுமே இல்லை. இரண்டும் சரிக்குப் பக்கத்தில்."
அவர் சிரிக்கவில்லை.
"இருபது நாள் ஓட்டினால் அந்த ஓர் இலக்கம்
மேகத்தையே தூக்கிக்கொண்டு போகும்.
பழைய ஓட்டத்தில் ஏப்ரல் ஒன்பது, பெங்களூரில் மழை.
உங்களுடையதில் ஓசூரோடு நின்றுவிட்டது."

கூட்டும் வரிசையைப் பூட்டிவைக்க
ஒரு தெரிவைச் சேர்த்தேன், ராத்திரி இரண்டு மணிக்கு.
மூன்றில் ஒரு பங்கு வேகம் போயிற்று.
"யார் கேட்டது இதை?" என்றார் தேஜப்பா.

ஏப்ரல் ஒன்பது.
துணி எடுக்கிற சாக்கில் மொட்டைமாடி.
தெற்கே, ஓசூர்ப் பக்கம், கன்னங்கரேலென்று.
இங்கே பக்கெட் விளிம்பில்கூட ஒரு துளியில்லை.

ஃபோன். புட்டராஜு.
"மழ வர்ற மாதிரி இருக்கே, நாளைக்கு லோடு வேணுமா?"
"பாதி லோடு," என்றேன்.
"பாதியெல்லாம் கிடையாது மேடம்.
வேணும், வேணாம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."