மூன்றாவது மிதவை

முசாஃபா. பதினோராம் கேம்ப்பின் முதுகுப்பக்கம்.
மூடியைப் பெயர்த்ததும்
வாயு மீட்டர் ஒருமுறை கத்தி அடங்கியது.
"இறங்காதே, மேலிருந்தே கட்டு," இந்தியில் தில்பகதூர்.

சங்கிலியில் நான்கு மிதவைகள்.
அடியில் இருப்பது பம்பை நிறுத்தும்.
அடுத்தது ஓட்டும்.
மூன்றாவது, தூங்கும் இன்னொரு பம்பை எழுப்பும்.
நான்காவதற்கு அலறத்தான் தெரியும்.

மூன்றாவதை எங்கே கட்டுவதென்று
வரைபடம் சென்டிமீட்டர் சுத்தமாய்ச் சொல்கிறது.
வரைந்தவர் பார்த்திருக்க மாட்டார்
விடிகாலை நாலு மணியை:
அறுநூறு பேர் ஒரே மூச்சில் குளித்து
பஸ்ஸுக்கு ஓடும் இருபது நிமிடம்
கிணறு ஏறுகிற ஏற்றத்தை.

போன ரமலானில் அது
தரைத்தளக் குளியலறை வழியே திரும்பி வந்தது.
இசக்கியப்பன்
பணம் அனுப்பிய ரசீதுகளையெல்லாம்
கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தான்,
தேதி வரிசையில்.

ஒரு சாண் இறக்கிக் கட்டினேன்.
கம்பால் தூக்கிச் சாய்த்தபோது
உள்ளே குண்டு உருண்டது,
கொட்டைப்பாக்கு டப்பா போல.
தில்பகதூர் வரைபடத்தை மடித்துப் பையில் வைத்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் நாலு மணி.
முகமெல்லாம் சோப்பு, கையில் நிறைந்த குவளை.
சுவருக்கு அப்பால் காதை வைத்திருந்தேன்.

இரண்டாவது மோட்டார் எடுத்தது.

ஊற்றிக்கொண்டேன்.