ஐந்து நிமிசக் கடை

முறிகண்டியில் பஸ் நிற்பது ஐந்து நிமிசம்.
பிள்ளையாருக்கு இரண்டு, கச்சானுக்கு இரண்டு,
மிச்சம் ஒன்றில் என் யாவாரம்.

நான் தைக்கிறது கொண்டக்டர் பை.
கறுப்பு றெக்சின், உள்ளே மூன்று அறை.
தாளுக்கு ஒன்று, சில்லறைக்கு ஒன்று,
மூன்றாவது எதற்கென்று கேட்பதில்லை.
(ஒருவரிடம் பிள்ளையின் பல். இன்னொருவரிடம்
மீட்காத நகையின் அடகுச்சீட்டு.
ஸிப் மாற்றும்போது கண்ணில் பட்டதுதான்.)

கிளிநொச்சியில் சந்தைப்படுத்தல் வகுப்பு வைத்தார்கள்,
மத்தியானம் சோற்றுப் பார்சலோடு.
படிப்பித்தவர் நல்ல மனிசன்.
"உங்கட கதையை அட்டையில போடுங்கோ அக்கா,
கதை இருந்தால் சாமான் தன்பாட்டில போகும்."
எந்தக் கதை என்று அவர் சொல்லவில்லை.
இருபத்தாறு பேரும்
அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பொய் ஏன் சொல்லுவான், அட்டை அடித்தேன்.
என் பெயர், அவரின் பெயர், வருசம், இடம்.
ஐம்பது அட்டை.
கொழும்பு வான் ஒன்று வந்து
ஒரே மூச்சில் ஏழு பை வாங்கிப்போனது.
ஒரு அம்மா என் கையைப் பிடித்து
மிச்சக் காசு வேண்டாமென்று சொன்னா.
பையை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.
மூன்று அறை இருக்கென்று
அந்த ஏழு பேருக்கும் இன்றைக்கும் தெரியாது.

மிச்சம் நாற்பத்துமூன்று அட்டை.
மட்டை மொத்தம், எறிய மனமில்லை.
பையின் அடியில், துணிக்குக் கீழே
விறைப்புக்கு வைத்துத் தைத்துவிட்டேன்.
சில்லறைப் பாரத்தை நன்றாகத் தாங்குது.

மன்னார் பஸ் றெஜினோல்ட்
ஒருநாள் கத்திக்கொண்டே இறங்கினான்.
புளியங்குளத்தில் வார் அறுந்து
சனத்தின் காலுக்குள்ளே காசெல்லாம் உருண்டதாம்.
நான் வாய் திறக்கவில்லை. ஊசி கையில் இருந்தது.
சாரதி கோன் அடிக்க அடிக்க
இரட்டை நூலில் பதினெட்டுத் தையல்.
காசு நீட்டினான், வாங்கவில்லை.
பிழை என்னுடையது.
அடுத்த கிழமை
அவனோடு றோட்டில் போட்டிக்கு ஓடுகிற பஸ்காரன் வந்து
"அவனுக்குத் தைச்ச மாதிரி" என்றான்.

அன்றைக்குத்தான் போர்டு எழுதினேன்,
அறுந்தால் கொண்டுவாங்கோ.
விளம்பரம் அவ்வளவுதான்.
எழுத்து விளங்காத பந்துல
ஸிப்பைத் தூக்கிக் காட்டுவான், நான் தலையாட்டுவேன்.
போன மாசம் மூன்று விரல் காட்டினான்:
அனுராதபுரத்துக்கு மூன்று பை.

மார்கழி மழையில் ஒருத்தரும் இறங்குவதில்லை.
நேற்று மன்னார் பஸ் வேகம் குறைத்தது, நிற்கவில்லை.
மிதிபலகையிலிருந்து ஏதோ பறந்து வந்து
மேசையில் பொத்தென்று விழுந்தது.
"நாளைக்கு!"
மழைக்குள்ளே அவ்வளவுதான் கேட்டது.

ஸிப் போயிருந்தது. சில்லறை அப்படியே கிடந்தது,
எண்ணினேன், முந்நூற்று நாற்பத்திரண்டு.
துண்டில் எழுதிப் பேணிக்குள் போட்டேன்.
மூன்றாவது அறையில் என்னவோ தடித்தது.
தொடாமலே ஸிப் மாற்றலாம்.
கை பழகிவிட்டது.