பித்தளைக் குமிழ்

பர்பாங்கில், ஒன்பதாம் எண் அரங்கில்,
அந்த வீட்டுக்கு இருந்தது ஒரே வாசல்.
முன்பக்கம் பச்சை வர்ணம்.
பின்பக்கம் வெறும் ஒட்டுப்பலகை,
அதில் சாக்கட்டியால் என் கிறுக்கல்: இழு, தள்ளாதே.
பின்பக்கத்தில்தான் நாங்கள் குடியிருந்தோம்,
ஆர்விட் ஸ்டென்ஸ்ரூடும் தச்சன் நானும்.

கதைப்படி அவர் கேஸ் மீட்டர் பார்க்க வருகிறவர்.
பெயர் ஹோரஸ். பெண்டாட்டி பிள்ளை இல்லை,
எழுதியவர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.
பத்தொன்பதாவது நிமிடம் நுழைந்து
நாற்பது விநாடியில் வெளியேறிவிட வேண்டும்.
உப்புக்குச் சப்பாணி என்று தானே சொல்லிக்கொள்வார்.
ஆனாலும் வாரம் தவறாமல்
காலணியை மெருகேற்றிக்கொண்டு வருவார்.
"மீட்டர்காரன் வந்தால், டெல்காடோ,
வீட்டுக்காரி முதலில் பார்ப்பது காலணியைத்தான்."
அவர் நுழைந்ததுமே காமிரா முகத்துக்குத் தாவிவிடும்.
காலணியை யார் பார்த்தார்கள்?

அந்தப் பத்தொன்பது நிமிடமும்
பெப்பர்மின்ட் உருளும் வாயோடு கிசுகிசுப்பார்.
டுலூத்தில் இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் அப்பா.
ஏரி உறையும்போது எழும் சத்தத்தை
நாக்கை மடித்து அப்படியே செய்து காட்டுவார்.
எனக்குக் குளிரும்.
பிறகு தோளில் தட்டுவேன்.
உள்ளே போவது வேறொரு ஆள்.

இரண்டாம் ஆண்டு, பதினோராவது வாரம்
கதவின் பித்தளைக் குமிழ் அவர் கையோடு வந்துவிட்டது.
நின்றார். குமிழைப் பார்த்தார்.
தொப்பியைக் கழற்றினார்.
"அம்மா, உங்கள் கதவு கொஞ்சம் என்னிடம் இருக்கிறது."
இருபத்திரண்டு விநாடி சிரிப்பு.
ஒலிப்பதிவுக்காரன் முள்ளைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு
ஒவ்வொரு வாரமும் தாளில் அச்சாகி வந்தது:
குமிழ் கழல்கிறது.
திருகாணியை இரண்டரைச் சுற்றுத் தளர்த்தி வைப்பது என் பொறுப்பு.
நான்கு ஆண்டுகள்.

வங்கியில், பல் மருத்துவரிடத்தில், மளிகைக் கடையில்
அவர் கதவைத் தொட்டால் போதும், வரிசையே திரும்பும்.
லூயெல்லாவை அடக்கம் செய்த காலையில்
தேவாலய வாசலில் ஒரு சிறுவன்
அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.
ஆர்விட் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.
நான் திறந்துவிட்டேன்.

தொடர் நின்றபின் ஒரு படம் வந்தது.
மருத்துவர் வேடம், மூன்றே வரி,
ஒரு தாயிடம் போய்ச் சொல்ல வேண்டிய மூன்று வரி.
கண்ணாடி முன் அல்ல,
காருக்குள் உட்கார்ந்து பழகினாராம்.
பாசடீனாவில் முன்னோட்டமாகப் போட்டுப் பார்த்தார்கள்.
மருத்துவமனைக் கதவு திறந்தது.
அரங்கம் சிரித்தது.
அடுத்த வெட்டில் மருத்துவர் தொலைபேசியில் ஒரு குரலானார்.
அதுவும் அவர் குரல் இல்லை.

ஒப்பந்தப்படி ஆறு மறுஒளிபரப்பு வரைதான் காசு.
ஏழாவதிலிருந்து ஹோரஸ் ஓசியில் மீட்டர் பார்த்தார்,
மதியம் இரண்டு மணிக்கு, சோப்பு விளம்பரங்களுக்கு நடுவே,
நாடு முழுக்க.

முதல் தடவை அந்தத் திருகாணியை
முடுக்க மறந்தவன் நான்தான்.
அவரிடம் சொன்னதே இல்லை.
ஒரு கிறிஸ்துமஸுக்குத் தபாலில் ஒரு திருப்புளி வந்தது.
கூட ஒரு வரிகூட இல்லை.
நன்றியா, திட்டா? இன்றைக்கும் தெரியாது.

போன மாதம் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு மோட்டல்.
தூக்கம் பிடிக்காமல் பெட்டியைத் திருப்பினால், அதே வீடு.
சோபாவில் கணவனும் மனைவியும்
எதற்கோ சண்டை போடுகிறார்கள்.
நான் அவர்களைப் பார்க்கவில்லை.
கதவுக்கும் தரைக்கும் நடுவே
நான் இழைத்துச் சரிசெய்யாமல் விட்ட அரை அங்குல இடுக்கு.
அதில் வெளிச்சம்.
வெளிச்சத்தில் இரண்டு ஜோடிக் கால்கள்.
ஒன்று பளபளக்கிறது.

இன்னும் யாரும் கதவைத் தட்டவில்லை.