மிச்சம்

சிறுப்பிட்டியில வந்தது.
கத்தரிக்காய்ச் சாக்கோட நிண்ட மனிசி
ஐந்நூறு ரூவாத் தாள் நீட்டினா.
மிச்சம் எடுக்க விரலை மடிச்சன்,
விரல் மடியேல்லை.
சில்லறை முழுக்க மிதிபலகையால விழுந்து
றோட்டில ஓடிச்சுது.

"காலமையே போட்டிட்டான்" எண்டு
பின் சீற்றில ஒரு குரல்.
நான் குடிக்கிறேல்லை எண்டு சொல்ல வாய் திறந்தன்.
வந்தது ஒரு சொல்:
மிச்சம்.

கெங்காதான் கண்டவன்,
என்ர வாய் ஒரு பக்கம் இழுபடுறதை.
பதினெட்டு வரியம் அந்தக் கண்ணாடிக்குள்ளால
என்னைத் திட்டினவன்
ஆக்களோட, சாக்குகளோட
பஸ்ஸை அப்பிடியே திருப்பினான்.
நீர்வேலியில கை காட்டினவையை ஏத்தேல்லை.
புத்தூரில இறங்கவேண்டிய வாத்தியார்
பெரியாஸ்பத்திரி வாசலில இறங்கினார்,
என்ர கால் ரண்டையும் தூக்கிக்கொண்டு.

வாட்டில
வலக்கை எனக்குப் பக்கத்தில கிடந்துது,
தோளில சாய்ஞ்சு நித்திரையாப் போன
ஆரோ ஒரு பிரயாணி மாதிரி.
இறங்கிற இடம் எப்பவோ கழிஞ்சுபோச்சு.
தட்டிப் பாத்தன். எழும்பேல்லை.

தண்ணிக்கு மிச்சம் எண்டன்.
மூத்திரத்துக்கும் மிச்சம்.
டொக்டர் பேர் கேக்க, மிச்சம்.
மனிசியின்ர முகத்தைப் பாத்து,
இருபத்தாறு வரியம் கூப்பிட்ட பேரைத்
தேடித் தேடி,
மிச்சம்.
அவ சிரிச்சா. பிறகு
பாத்றூமுக்குள்ள போய்ப் பைப்பைத் திறந்துவிட்டா,
எனக்குக் கேக்கக் கூடாதெண்டு.
காதுக்கு ஒண்டும் நடக்கேல்லை, பாருங்கோ.

வீட்டில,
அரிசிச் சட்டிக்குள்ள அஞ்சு ரூவாக் குத்தியளைப் புதைச்சு
பொறுக்குங்கோ எண்டுவா.
பத்துக் குத்தி. ஒரு மணித்தியாலம்.
ஒரு நேரம் நிமிசத்தில
அம்பது பேருக்குச் சில்லறை எண்ணினவன் நான்.
ஒருநாள் இடக்கையால சட்டியைத் தட்டிவிட்டன்.
முத்தமெல்லாம் அரிசி.
கோழியள் ஓடிவந்து கொத்த,
நான் இருந்து அழுதன்.
அழுகை இப்ப சும்மாவும் வரும்.
ரீவியில சவுக்கார விளம்பரத்துக்கும் வரும்.

கத்தரிக்காய் மனிசி இன்னும்
அதே பஸ்ஸிலதான் வாறாவாம்.
நானூற்றிருபது ரூவா.
கேக்கிறேல்லையாம்.
கெங்கா குடுக்கப் போகவும்
"அந்தத் தம்பி வந்து தரட்டும்" எண்டிட்டாவாம்.

கதைக்கப் பழக்கிற பிள்ளை, துஷாந்தி,
படம் காட்டினா.
பூனை, குடை, திறப்பு,
எல்லாம் எனக்கு மிச்சம்.
ஒருநாள் அட்டையளை மூடி வைச்சிட்டு
"ஐயா, பஸ்ஸில என்னெண்டு கத்துவியள்?" எண்டா.
நான் யோசிக்கேல்லை.
யோசிச்சிருந்தா வந்திராது.

ஆஸ்பத்திரியடி முத்திரைச்சந்தி கல்வியங்காடு
இருபாலை கோப்பாய் நீர்வேலி

வாய் தன்ரபாட்டில ஓடிச்சுது,
வாசலில தொங்கிக்கொண்டு, ஒற்றைக் கையில.
சிறுப்பிட்டியில பிறேக்.
அங்கால றோட்டே இல்லை.
அந்தப் பிள்ளை கொப்பியில ஏதோ எழுதினா,
எழுதின பேனை நடுங்கிச்சுது.

புத்தூருக்குப் போக ரண்டு மாதம்.
ஆவரங்கால் வந்தது மாரி தொடங்கின பிறகு,
பின்னேரம், கரண்டும் இல்லை.
ஆவரங்காலில ஒருத்தி ஏறுவா,
நெல்லியடிக்கு, தையல் வகுப்புக்கு.
கணக்காச் சில்லறை கொண்டு வருவா.
என்னட்டை மிச்சம் கேக்காத ஒரே ஆள்.
அதால அவவோட கதைக்க
எனக்கு ஒரு சாட்டும் இருக்கேல்லை.
பவளராணி.

இருட்டுக்குள்ள அவ
"ஓம்" எண்டா. வேற ஒண்டும் சொல்லேல்லை.

இப்பவும் அவவைக் கூப்பிடுறதெண்டால்
பட்டணத்தில இருந்துதான் வெளிக்கிடோணும்.
நான் ஆஸ்பத்திரியடி எண்ண
குசினிக்குள்ள அடுப்பைக் குறைப்பா.
கோப்பாயில கை கழுவுற சத்தம் கேக்கும்.
சில நாள் சிறுப்பிட்டியோட நிண்டுபோவன்.
மிச்சத் தூரம்
அவ நடந்து வருவா.