இரண்டாவது மூச்சு

புத்தகத்தின் முதல் படத்தில்
தலை இல்லை, கை இல்லை,
தொடையோடு நின்றுபோன ஒரு கல் ஆண்.
எனக்கு அதில் விசேஷம் ஒன்றும் படவில்லை.
இருபத்தாறு வருஷமாக
மனிதர்கள் எனக்கு அவ்வளவுதான்:
கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே.

பகலில் டவுன்ஹால் ரோட்டுச் சந்தில்
சட்டை தைக்கிறேன்.
இரவு ஷட்டரைப் பாதி இறக்கி
வெட்டு மேசையில் நூல்பிசிறு தட்டிவிட்டுப்
பழைய ஓவியர்களைக் காப்பியடிக்கிறேன்.
புத்தகம் நூலகத்துடையது, பதினான்கு நாள் தவணை.
பன்னிரண்டு பக்கம் மட்டும்
பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொண்டேன்.

இத்தாலிக்காரன் ஒருவன்
தோலுக்கு அடியில் இருப்பதையெல்லாம்
ஊருக்கே சொல்லிவிடுகிறான்.
அவனைப் பார்த்துப் போட்டதில்
முதல் மாதம் எனக்கு வந்தது வாழைத்தார்.
அடுத்த மாதம் கொஞ்சம் தேறி
எண்ணெய் தடவி அடுக்கிய
பரோட்டா மாவு உருண்டைகள்.

கை சும்மா இருக்குமா,
டேப்பை எடுத்துப் படத்தின்மேல் வைத்தேன்.
ஆள் உயரத்துக்குக் கணக்குப் போட்டால்
மார்பு ஐம்பத்திரண்டு, இடுப்பு முப்பத்துநான்கு.
இவனுக்குச் சட்டை தைத்தால்
அக்குளில் பிடிக்கும், வயிற்றில் தொங்கும்.
திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவான்.

இடது விலாவுக்குக் கீழே
பன்னிரண்டு படத்திலும் ஒரு கீற்று,
நுனி வளைந்து, மூன்றாம்பிறை மாதிரி.
ஏதோ தசை, எனக்குத்தான் பெயர் தெரியவில்லை என்று
மரியாதையாக
பன்னிரண்டு உடம்பிலும் வரைந்தேன்,
நிழல்கூடக் கொடுத்தேன்.
தீபாவளிக்கு முன்னால்
ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்தபோது
லீலாபாய் முகத்துக்கு அருகில் அதே பிறை.
கடைக்காரன் கண்ணாடியில் கீறல்.

வாரம் ஒருநாள் அழகர்கோயில் மண்டபம்.
அங்கே தூணில் நிற்கிறவனுக்கு
விலா இல்லை, முடிச்சு இல்லை.
அக்குளிலிருந்து இடை வரைக்கும் ஒரே கோடு.
அந்த ஒரு கோட்டுக்கு ஏழு ஞாயிறு போயிற்று.
உதரபந்தம் மட்டும்
வயிற்றில் மயிரிழை அழுந்தியிருக்கிறது.
செதுக்கியவனுக்குத் துணி தெரிந்திருக்கிறது.
அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
காவலாளி விசிலடித்தார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
இருளப்பன் வந்தார்,
யானைக்கல் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குபவர்.
மகள் பட்டம் வாங்குகிறாளாம்,
வெள்ளைச் சட்டை, முழுக்கை.
டேப்பைச் சுற்றியதும்
வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.
தாசில்தாரும் இழுப்பார், மாப்பிள்ளையும் இழுப்பார்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.
நோட்டில் எதையோ எழுதுவதுபோல் நிற்பேன்.
முதல் மூச்சு எனக்குக் காட்டுவது.
இரண்டாவதுதான் வீட்டில் விடுவது,
அளவு அதில்தான்.

விட்டார்.
வலது தோள் ஒன்றரை இஞ்ச் இறங்கியது.
வயிறு கைலி மடிப்பின்மேல்
களைத்து வந்து உட்கார்ந்தது.
பின்கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் மேடு.
இத்தாலிக்காரன் இதைப் போடவில்லை,
அழகர்கோயில்காரனும் போடவில்லை.

அன்று இரவு தாள்களை வரிசையாக விரித்தேன்.
அத்தனை பேரும் உள்ளிழுத்தபடி நிற்கிறார்கள்,
சிலர் ஐந்நூறு வருஷமாக.
கடையில் யாரும் இல்லை.
“மூச்ச விடுங்கண்ணே” என்று
சத்தமாகவே சொன்னேன்.

புதுத்தாளில் இருளப்பனை நினைவிலிருந்து போட்டேன்.
தோள் சரியாக இறங்கியது.
வயிறு வரவில்லை, நான்கு தடவை அழித்தேன்,
தாள் பஞ்சுபோல் ஆகிவிட்டது.
கை தானாகப் போய்
இடது விலாவுக்குக் கீழே பிறையை வைத்தது.
அதை அழிக்கவில்லை.

சனிக்கிழமை போட்டுப் பார்க்க வந்தார்.
வலது தோளுக்குத் தனியாக இறக்கி வெட்டியிருந்தேன்.
பழைய சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார்.
அந்த இடத்தைப் பார்த்தேன்.
வெங்காயத் தோல் ஒன்று ஒட்டியிருந்தது,
வேறொன்றும் இல்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.